நாடி மரத்தால் பல் கிளினிக், வயிறு அடைத்தால் கமரா: வழக்கமில்லாத இடங்களுக்குப் போகும் மார்பகப் புற்றுநோய்

கீழுதட்டின் ஒரு பக்கமும் அதன் கீழே நாடியும் மரத்துப்போகின்றன. பல் பிடுங்க ஊசி போட்டால் வரும் விறைப்பு மாதிரி. ஆனால் ஊசி எதுவும் போடவில்லை, விறைப்பும் இறங்கவில்லை. கிண்ணியாவிலிருந்து 58 வயதுப் பெண் ஒருவர் இந்த முறைப்பாட்டோடு பல் கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது; பிடுங்கி விடுகிறார்கள். குழி ஆறவில்லை, விறைப்பும் போகவில்லை. 12 வருசத்துக்கு முன் இடது மார்பை எடுத்ததைப் பல் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பல்லுக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மார்பகப் புற்றுநோய் பரவினால் எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை ஆகிய நான்குக்கும்தான் பெரும்பாலும் போகும். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே என்பதால் இந்த நான்கும் ஊருக்கே தெரியும். கிளினிக்கிலும் இவற்றைத்தான் கேட்டுப் பார்ப்பார்கள். இரைப்பை, சூலகம், கண், கபச்சுரப்பி, தாடை, சிறுநீர்க்குழாய் போன்றவை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவை. அபூர்வம்தான். ஆனால் இவற்றில் ஆபத்து அபூர்வமாக இருப்பதில் இல்லை. ஒவ்வொன்றும் வேறொரு வருத்தத்தின் வேஷத்தில், வேறொரு கிளினிக்கின் வரிசையில் போய் நிற்கிறது. அங்கே இருப்பவருக்கு மார்பின் கதை தெரியாது.

எங்கே விழுகிறது, ஏன் அங்கே முளைக்கிறது

1889இல் ஸ்டீபன் பஜெற் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை வைத்தியர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். இரத்தம் ஓடும் இடமெல்லாம் நோய் சமமாகப் பரவியிருக்கவில்லை. விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதியது இன்றும் அடிப்படை விளக்கமாக நிற்கிறது. குழாய் அமைப்பும் இதில் சேரும். மார்பிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் வடிபடும். முள்ளந்தண்டைச் சுற்றி இன்னொரு நாளப் பின்னல் இருக்கிறது. அதில் வால்வுகள் இல்லை. இருமினாலோ முக்கினாலோ இரத்தம் அதற்குள் பின்னோக்கியும் ஓடும். 1940இல் பற்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இதைக் காட்டினார். நுரையீரலில் ஒன்றும் இல்லாமல் நேரே முதுகெலும்பில் நோய் தோன்றுவதற்கு இந்தக் குறுக்குப் பாதை ஒரு காரணம்.

வழக்கமில்லாத இடங்களுக்குப் போவதில் மட்டும் ஒரு வகை தனித்து நிற்கிறது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பான்மை 'டக்டல்' (பால்குழாய்) வகை. பக்கத்து இழையத்துக்குள் ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம் 'லொபியூலர்' (பால்சுரப்பி மடல்) வகை. லொபியூலர் கலங்களில் ஈ-கட்ஹெரின் என்ற புரதம் பெரும்பாலும் இல்லாமல் போயிருக்கும். கலத்தைக் கலத்தோடு ஒட்டி வைக்கும் பசை அது. பசை போனால் கலங்கள் கட்டியாகத் திரளாது. எறும்பு வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இழையத்துக்குள் ஊர்ந்து போகும். அதனால் மார்பிலேயே கட்டி தெளிவாகக் கைக்குப் படாமல், கொஞ்சம் தடிப்பாக மட்டும் இருக்கலாம், மாமோகிராமிலும் தவறலாம். பரவும்போதும் இதே குணம்தான். உறுப்புகளின் சுவருக்குள்ளும் உறைகளுக்குள்ளும் மெல்லப் படர்ந்து, உருவத்தை மாற்றாமல் விறைக்க வைக்கும். ஸ்கானில் கட்டி தேடுகிற கண்ணுக்கு இது இலகுவில் பிடிபடாது. உடல் முழுவதும் நோயை ஒளிரவைத்துத் தேடும் பெற் (PET) ஸ்கானிலும் லொபியூலர் பல நேரம் மங்கலாகத்தான் ஒளிரும்.

பழைய பயொப்சி ரிப்போர்ட்டில் டக்டலா லொபியூலரா என்ற ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். பலர் எத்தனை சென்ரிமீற்றர், எத்தனையாம் கட்டம் என்பதை ஞாபகம் வைத்திருப்பார்கள். வகையை ஞாபகம் வைத்திருப்பவர் குறைவு.

இரைப்பை: மிக எளிதில் ஏமாற்றும் இடம்

நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. ஓங்காளம், பிறகு வாந்தி, மெலிவு. கேஸ்ரைற்றிஸ் என்று ஒமிப்பிரசோல் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது கேஸ்ரைற்றிஸ்தான், மாறியும் விடும். மாறாதவருக்கு வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். லொபியூலர் கலங்கள் இரைப்பையில் உட்பக்கத் தோலை விட்டுவிட்டு அதற்குக் கீழுள்ள படையிலும் தசையிலும் பரவுவதால், கமராவில் புண் தெரியாது. மடிப்புகள் கொஞ்சம் தடித்திருக்கலாம், அவ்வளவுதான். கவனிக்க வேண்டிய அறிகுறி வேறு. காற்று ஊதும்போது நல்ல இரைப்பை பலூன் போல விரியும். இது தோல் பை மாதிரி விறைத்து நிற்கும், விரியாது.

பயொப்சிக் கிடுக்கி எடுப்பது குருணி அரிசி அளவுத் துண்டு. மேல் தோலை மட்டும் கிள்ளினால் 'புற்றுநோய் இல்லை, நாட்பட்ட அழற்சி' என்று ரிப்போர்ட் வரும். அது பொய்யல்ல, எடுத்த துண்டில் இல்லை, அவ்வளவே. சந்தேகம் இருந்தால் எடுத்த குழிக்குள்ளேயே மறுபடி கிள்ளி ஆழமாக எடுக்க வேண்டும், பல துண்டுகள் வேண்டும். அறிகுறி தொடர்ந்தால் முதல் ரிப்போர்ட்டோடு விடாமல் மீண்டும் செய்யச் சொல்வதில் தவறில்லை.

துண்டில் நோய் அகப்பட்டாலும் அடுத்த பொறி இருக்கிறது. நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தக் கலங்கள் முத்திரை மோதிரம் போலத் தெரியலாம்: நடுவில் சளி, ஓரத்தில் தள்ளப்பட்ட கரு. இரைப்பையிலேயே பிறந்து, கட்டியாகாமல் சுவருக்குள் படரும் 'பரவல் வகை'ப் புற்றுநோயும் அச்சாக இப்படித்தான். ஒரு புரதம் துண்டில் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் சாயங்கள் உண்டு. ஆனால் இதிலும் ஈ-கட்ஹெரின் இல்லாமல் போயிருக்கும் என்பதால் அதைத் தேடும் சாயம் இரண்டையும் பிரிக்க உதவாது. பிரிப்பவை வேறு சாயங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹோர்மோன் வந்து ஒட்டும் புரதம்), காட்டா-3 ஆகியவை பிடித்தால் மார்பின் பக்கம். சிகே-20, சிடிஎக்ஸ்-2 பிடித்தால் இரைப்பையின் பக்கம். ஒன்றை மட்டும் நம்பாமல் தொகுதியாகச் செய்து, பழைய மார்புத் துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான முறை.

ஆனால் 'கமராத் துண்டு, இரைப்பை' என்று மட்டும் படிவத்தில் எழுதி அனுப்பினால் நோயியல் நிபுணருக்கு இந்தச் சாயங்களைப் போட வேண்டும் என்று தோன்றக் காரணமே இல்லை. முத்திரை மோதிரக் கலம், இரைப்பைப் புற்றுநோய் என்று எழுதி முடித்துவிடுவார். அதன் விலை பெரியது. இரைப்பையின் சொந்தப் புற்றுநோய் என்றால் இரைப்பையை வெட்டி எடுப்பது பற்றிப் பேச்சு வரும், மருந்தும் வேறு. மார்பிலிருந்து வந்தது என்றால் வெட்டுவதால் பெரும்பாலும் பலன் இல்லை. ஹோர்மோன் குளிசையே நோயைப் பல மாதங்கள், சிலருக்கு வருசக்கணக்கில், அடக்கி வைக்கக் கூடும். படிவத்தில் 'முன்னர் மார்பகப் புற்றுநோய், லொபியூலர்' என்ற ஒரு வரி இரண்டு பாதைகளையும் பிரிக்கிறது.

மறுபக்கமும் உண்டு. சிடிஎச்-1 என்ற மரபணுவில் பிறவிப் பிழை உள்ள குடும்பங்களில் லொபியூலர் மார்பகப் புற்றுநோயும், பரவல் வகை இரைப்பைப் புற்றுநோயும் இரண்டுமே தனித்தனியாக வரலாம். அதனால் மார்பு வருத்தம் இருந்தவருக்கு இரைப்பையில் வந்ததெல்லாம் மார்பிலிருந்துதான் என்று முடிவுகட்டுவதும் பிழை. சாயம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வயிற்றுக்குள் மற்றவை

குடல் சுவர், வயிற்றறையின் உறை, சூலகம் ஆகியவையும் லொபியூலர் விரும்பும் மண். சூலகத்தில் வந்தால் பெரும்பாலும் இரு பக்கமும் வரும். வயிற்றில் நீர் சேரும், இரத்தத்தில் சிஏ-125 என்ற புரதம் கூடும். சூலகப் புற்றுநோயிலும் இதெல்லாம் அப்படியே என்பதால் அந்த இரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரிக்காது. சூலகக் கட்டியும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி காட்டும் என்பதால் இங்கே அந்த ஒரு சாயமும் போதாது. மார்பின் பக்கம் காட்டும் காட்டா-3ஐயும் சூலகத்தின் பக்கம் காட்டும் பக்ஸ்-8ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிஆர்சிஏ மரபணுப் பிழை உள்ளவருக்குச் சூலகப் புற்றுநோய் தனியாகவே வரக் கூடும் என்பதால் இங்கேயும் ஊகத்துக்கு இடமில்லை.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு வந்தால் கருப்பைக்குப் பரவிவிட்டதோ என்று பயப்படுவார்கள். அதைவிட அடிக்கடி காரணமாவது மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரமொக்சிபென் என்ற ஹோர்மோன் குளிசை. அது கருப்பையின் உட்படையைத் தடிக்கச் செய்யும், சிலருக்கு அங்கே புதிய புற்றுநோயையும் கொண்டுவரும். எதுவானாலும் ஸ்கானும் துண்டும் வேண்டும், பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

சிறுநீர்க்குழாய் விஷயம் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. லொபியூலர் கலங்கள் முதுகுப்புற உறையில் படர்ந்து சிறுநீர்க்குழாயைச் சுற்றி இறுக்கும்போது சிறுநீரகம் வீங்கும். நோவு இல்லாமலே, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறும். கந்தளாய், பதவிசிறிபுரப் பக்கத்தில் கிரியேட்டினின் ஏறினால் எல்லாருக்கும் முதலில், நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் காரணம் என்று சந்தேகிக்கப்படும் கிணற்றுத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அது நியாயமான நினைவுதான். ஆனால் ஒரு சாதாரண வயிற்று ஸ்கான் இதைப் பிரித்துவிடும். நாட்பட்ட சிறுநீரக நோயில் சிறுநீரகம் சுருங்கியிருக்கும், அடைப்பில் உப்பியிருக்கும். அடைப்பு என்றால் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ற் வைத்தோ முதுகுப்புறம் குழாய் விட்டோ சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். வாரங்கள் போனால் முடியாமல் போகும்.

தண்ணீர்த் தாகத்துக்கு மூன்று காரணங்கள்

தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால் சீனி வருத்தம் என்று முடிவெடுத்துவிடுவது வழக்கம். வைகாசி வெயிலில் உப்புவெளியில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்றும் தோன்றும். முதலில் சீனி பார்க்கத்தான் வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்துபோனவருக்குச் சீனி சரியாக இருந்தால் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும்.

ஒன்று கல்சியம். எலும்பில் நோய் அரித்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறும்: தாகம், மலச்சிக்கல், வாந்தி, பிறகு குழப்பமும் மயக்கமும். இது ஆபத்தானது, வாட்டில் வைத்துச் சேலைன் ஏற்றி இறக்க வேண்டியது. மற்றது கபச்சுரப்பி. மூளையின் அடியில் தொங்கும் அந்தச் சுரப்பியின் பின்மடல் இதயத்திலிருந்து வரும் இரத்தக் குழாய் (தமனி) வழியாக நேரடியாக இரத்தம் பெறுவதால் கலங்கள் அங்கே வந்து தங்க வழி உண்டு. கபச்சுரப்பிக்குப் பரவும் புற்றுநோய்களில் மார்பும் நுரையீரலும்தான் முன்னால் நிற்பவை. பின்மடல் கெட்டால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோன் நின்றுபோகும். பச்சைத் தண்ணீர் போல நிறமில்லாத சிறுநீர், இரவில் நாலு ஐந்து தரம் எழும்புதல், எழும்பும் போதெல்லாம் தண்ணீர் குடித்தல். காலை முதல் மறுநாள் காலை வரை சிறுநீரைப் போத்தலில் அளந்து பார்த்தால் 3 லீற்றருக்கு மேல் இருக்கும். இந்த ஓர் அளவு வைத்தியருக்குப் பத்து விளக்கத்தைவிட உதவும். டெஸ்மொபிரசின் என்ற மருந்து அறிகுறியை வேகமாக அடக்கும். முன்மடலும் கெட்டு கோட்டிசோல் குறைந்திருந்தால் சிறுநீர் கூடுவது மறைந்திருக்கும். ஸ்டீரொயிட் தொடங்கியதும் திடீரென்று வெளிப்படும். அதைப் புதிய நோய் என்று நினைத்துக் குழம்பக் கூடாது.

கண்

விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோரொயிட் படைக்குத்தான் கண்ணுக்குப் போகும் இரத்தத்தில் பெரும்பங்கு போகிறது. கண்ணுக்குள் பரவும் புற்றுநோயில் பெண்களிடம் முதல் காரணம் மார்பு. நோவு பெரும்பாலும் இருக்காது. பார்வை மங்கும், நேர்கோடு வளையும், மின்னல் வெட்டும், திரை இறங்குவது போல ஒரு பக்கம் மறையும். ஐம்பது வயது தாண்டியவர் என்றால் வெண்புரை என்று எண்ணிச் சத்திரசிகிச்சை நாளுக்குக் காத்திருப்பார்கள். வெண்புரை மாதக் கணக்கில் மெல்ல மங்கும். வாரங்களில் மங்கினால் கண்மணியை விரித்து உட்புறம் பார்க்கச் சொல்ல வேண்டும். கதிர்ச் சிகிச்சையாலும் முழு உடலுக்குமான மருந்தாலும் பார்வையைக் காக்க முடியும், விழித்திரை நெடுநாள் கழன்று கிடக்காத வரை.

கண்குழியில் வந்தால் விசித்திரம் ஒன்று நடக்கும். மற்றக் கட்டிகள் கண்ணை வெளியே தள்ளும். மார்பகப் புற்றுநோயில் சிலருக்குக் கண் உள்ளே இறங்கும். நார் இழையம் சுருங்கி விழியைப் பின்னுக்கு இழுப்பதால் அப்படி. ஒரு கண் சின்னதாகிவிட்டது, இமை விழுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றால் கண்குழியின் ஸ்கான் வேண்டும்.

தாடை, தோல், இரத்தம்

முதலில் சொன்ன மரத்த நாடிக்கு வருவோம். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை நோய் நசுக்கும்போது உதடும் நாடியும் விறைக்கும். தாடைக்குப் பரவுவது பெரும்பாலும் கடைவாய்ப் பக்கத்தில். தொடக்கத்தில் எக்ஸ்-கதிரில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சிற்றி அல்லது எம்ஆர்ஐ கேட்க வேண்டும். பல் வருத்தத்தாலும் நரம்பு விறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்துபோனவரின் நாடி மரத்தால் வேறு காரணம் நிரூபிக்கும் வரை பரவல் என்றே எடுத்துப் பார்ப்பது பாதுகாப்பு.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. எலும்பைக் காக்க சொலெட்ரொனிக் அமிலம் என்ற ஊசி ஏற்றுபவர்களுக்குத் தாடை எலும்பு செத்துப்போகும் பக்கவிளைவு வரலாம், அதிலும் பல் பிடுங்கிய பிறகு. ஆறாத குழி இதனாலும் இருக்கலாம், பரவலாலும் இருக்கலாம். ஆகவே அந்த மருந்து தொடங்க முன்பே பற்களைச் சரிபார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஆறவிட்டுத் தொடங்குவார்கள். தொடங்கிய பிறகு பல் வைத்தியரிடம் ஊசியின் பெயரைச் சொல்லாமல் பல் பிடுங்கக் கூடாது.

தோலில் பெரும்பாலும் மார்பு எடுத்த தழும்பைச் சுற்றித்தான் வரும்: கடுகு அளவு, பட்டாணி அளவு முடிச்சுகள், அல்லது பலகை போல இறுகிய நெஞ்சுத் தோல். ஏமாற்றுவது சிவந்த தடிப்பு. வியர்க்கும் ஊரில் சேலை உராயும் இடத்தில் சிவந்தால் படர்தாமரை என்று களிம்பு பூசுவார்கள். களிம்பும் நுண்ணுயிர்க்கொல்லியும் இரண்டு வாரத்தில் வேலை செய்யவில்லை என்றால் 3 அல்லது 4 மில்லிமீற்றர் வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. தலையில் முடி உதிர்ந்து அடித்தோல் இறுகிய வட்டம் தோன்றுவதும் இதே கணக்கில் சேரும்.

எலும்பு மச்சைக்குள் போனால் ஹீமோகுளோபினும் குருதிச் சிறுதட்டுகளும் இறங்கும். இரும்புக் குளிசை மாதக் கணக்கில் கொடுத்தும் ஏறாது. இதய உறையில் நீர் கட்டினால் படுக்க முடியாத மூச்சிளைப்பு, எக்கோவில் ஒரு நிமிடத்தில் தெரியும்.

மூளையையும் முண்ணாணையும் மூடிய சவ்வில் பரவுவது லொபியூலரிலும், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன், ஹேர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத வகையிலும் கூடுதல். காலைத் தலையிடி, வாந்தி, முகம் கோணல், பிட்டம் மரத்தல் என்று ஒன்றோடொன்று சேராத அறிகுறிகள் ஒரே ஆளில் சேரும். முதலில் சாயம் ஏற்றிய எம்ஆர்ஐ, பிறகு முதுகில் நீர் எடுத்தல். ஒரு தரம் எடுத்தால் பாதிப் பேருக்குத்தான் கலம் அகப்படும், இரண்டாம் தரம் எடுத்தால் கூடும். 10 மில்லிலீற்றர் அளவுக்கு எடுத்து உடனே ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். பிற்பகல் எடுத்து மறுநாள் வாகனத்துக்கு வைத்திருந்தால் கலங்கள் சிதைந்து 'இல்லை' என்று வரும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாட்கள் இருக்கின்றன. முதுகு நோவோடு கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ முண்ணாண் நசுங்குகிறது என்று அர்த்தமாகலாம்; அப்போது மணித்தியாலங்கள்தான். கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றிரவே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். நடந்து வந்து சேர்ந்தவர் நடப்பார், படுத்து வந்து சேர்ந்தவர் எழும்புவது கடினம்.

அப்படியானால் எல்லாருக்கும் வருசா வருசம் ஸ்கான் எடுத்தால் என்ன

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 1994இல் வெளியான இரண்டு இத்தாலிய ஆய்வுகள் இதைத்தான் பார்த்தன: அறிகுறி இல்லாதவர்களுக்கு எலும்பு ஸ்கான், நெஞ்சு எக்ஸ்-கதிர் எல்லாம் ஒழுங்காக எடுத்த குழு ஒன்று, வழமையான கிளினிக் பரிசோதனையும் மாமோகிராமும் மட்டும் செய்த குழு ஒன்று. ஆயுளில் வித்தியாசம் இல்லை. மார்பகப் புற்றுநோயின் குறிகாட்டியான சிஏ 15-3 இரத்தப் பரிசோதனையை அறிகுறி இல்லாதவருக்கு ஒழுங்காகச் செய்வதையும் சர்வதேச வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. தனியார் ஆய்வுகூடங்களின் பெரிய பொதிகளில் அது இருக்கும். செலவும் பயமும்தான் மிச்சம். லெட்ரொசோல், அனஸ்ரொசோல் என்ற ஹோர்மோன் குளிசைகள் குடிப்பவர்களுக்கு மூட்டும் விரலும் நோகும், அது நோய் அல்ல, குளிசை. காலையில் இறுகி நடக்க நடக்க இளகும் நோவு பெரும்பாலும் அந்த வகை. ஓரிடத்திலேயே நின்று, இரவில் கூடி, வாரா வாரம் ஏறும் நோவு வேறு.

சரியான நடைமுறை: புதிதாக வந்தது, விளக்கம் இல்லாதது, இரண்டு வாரம் தாண்டியும் நிற்பது என்றால் காட்டுவது. எத்தனை வருசம் கழித்தும். ஹோர்மோன் ஏற்பி உள்ள வகையில் ஐந்து வருசக் குளிசை முடிந்த பிறகும் 20ஆம் வருசம் வரை தூரத்துப் பரவல் வந்துகொண்டே இருந்ததை 2017இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. முதற்கட்டியின் அளவையும் அக்குள் கணுக்களையும் பொறுத்து, ஐந்தாம் வருசத்துக்கும் இருபதாம் வருசத்துக்கும் இடையிலான ஆபத்து 10 முதல் 41 சதவீதம் வரை. ஐந்து வருசம் தாண்டியாயிற்று, தப்பியாயிற்று என்ற கணக்கு இந்த வகைக்குப் பொருந்தாது.

துண்டு எடுத்தால் என்ன கெடும்

புதிய இடத்தில் சந்தேகம் வந்தால், எடுக்கக் கூடிய இடமாக இருந்தால், துண்டு எடுத்தே ஆக வேண்டும். வேறு புற்றுநோயா, காசநோயா என்ற கேள்விக்கு விடை அதில்தான். காசநோய்க் கணுவும் குடல் காசநோயும் எங்கள் பக்கம் இல்லாத விஷயம் அல்ல. அத்தோடு ஏற்பி மாறும். முதலில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது பரவிய இடத்தில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மாறியிருக்கலாம், ஹேர்-2 பத்தில் ஒருவர் அளவுக்கு. மருந்து அதற்கேற்ப மாறும்.

துண்டைக் குறைந்தது பத்து மடங்கு ஃபோர்மலினில் மூழ்க வைக்க வேண்டும். ஏற்பிச் சாயத்துக்கு 6 முதல் 72 மணித்தியாலம் வரை ஊறியதே நம்பகமானது. வெள்ளி எடுத்து, நீண்ட விடுமுறைக்குப் பிறகு செவ்வாய் அனுப்பினால் எல்லை தாண்டிவிடும். எலும்புத் துண்டில் இன்னொரு பிழை நடக்கும்: கல்சியத்தைக் கரைக்கக் கடும் அமிலத்தில் போட்டால் ஏற்பிகளும் சேர்ந்து கெட்டு, இருந்தும் 'இல்லை' என்று வரும். ஈடிரிஏ கரைசல் மெதுவானது, ஆனால் கெடுக்காது. எலும்பில் 'ஏற்பி இல்லை' என்று வந்து பழைய ரிப்போர்ட்டில் 'உண்டு' என்று இருந்தால், எதில் கரைத்தார்கள் என்று கேட்கலாம்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. எந்த மூலையில் வந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான். மருந்து வகையைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது அல்ல. ஏற்பி உள்ளவருக்கு ஹோர்மோன் குளிசையோடு பல்போசிக்லிப், ரைபோசிக்லிப் போன்றவை. ஹேர்-2 உள்ளவருக்கு ட்ரஸ்ருசுமாப். மற்றவர்களுக்கு மருந்து ஏற்றுதல் (கீமோ). இரைப்பையோ குடலோ அடைத்திருந்தால் குளிசை உறிஞ்சப்படாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். புல்வெஸ்ட்ரன்ற் போன்ற ஊசி அப்போது பேச்சுக்கு வரும். கதிர்ச் சிகிச்சைக்கு மட்டக்களப்பு, தெல்லிப்பழை, கண்டி, மகரகம என்று போக வேண்டி வரலாம். மகரகமவுக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். கண், முண்ணாண் என்றால் எங்கே முன்னதாக இடம் கிடைக்கிறதோ அங்கே போவதே சரி.

கடதாசிகள்

ஒருவருக்கு மார்பு எடுத்தது ஓர் ஆஸ்பத்திரி, மருந்து ஏற்றியது இன்னொன்று, கிளினிக் மூன்றாவது. திருகோணமலையில் இதற்கு மேலே ஒரு அடுக்கு உண்டு: 2004 மார்கழிக் கடல் கொண்டுபோன வீடுகள், 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் விட்டு ஓடிய வீடுகள். அந்தக் காலத்தில் நோய் வந்து தப்பியவர்களில் பலரிடம் இன்று ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இருபது வருச ஆபத்து என்று மேலே சொன்னது இவர்களுக்குத்தான் நேராகப் பொருந்தும்.

கடதாசி இல்லாவிட்டாலும் சிகிச்சை பெற்ற இடமும் வருசமும் பதிவு இலக்கமும் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். ஆய்வுகூடத்தில் பயொப்சி இலக்கம் உண்டு. மெழுகில் பதித்த துண்டு மிஞ்சியிருந்தால் அதை நிபுணர் மூலம் கேட்டு எடுத்துப் புதிய துண்டோடு ஒப்பிடலாம். அதுவும் இல்லையென்றால் தழும்பும் ஞாபகமும் போதும்: எந்தப் பக்கம், எந்த வருசம், எத்தனை வருசம் குளிசை, அது ரமொக்சிபெனா லெட்ரொசோலா. குளிசை குடித்தது ஐந்து வருசம் என்றால் ஹோர்மோன் ஏற்பி இருந்திருக்கும் என்று வைத்தியர் ஊகிப்பார்.

கடதாசி உள்ளவர்கள் மூன்று பக்கத்தைப் படம் எடுத்துத் தங்கள் போனிலும் மகளின் அல்லது மருமகளின் போனிலும் வைத்திருக்கலாம்: சத்திரசிகிச்சைக்குப் பிந்தைய நோயியல் ரிப்போர்ட், ஏற்பிகள் எழுதிய பக்கம், கடைசி டயக்னோசிஸ் கார்ட். மார்பகக் கிளினிக் கொப்பி மட்டும் போதாது, அதைப் பல் கிளினிக்குக்கும் கண் கிளினிக்குக்கும் யாரும் கொண்டுபோவதில்லை. அங்கே கதிரையில் இருந்ததும் முதலில் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றுதான்: 'டொக்டர், 2012இல எனக்கு இடது மார்பில கான்சர் வந்து எடுத்தது, லொபியூலர் எண்டு ரிப்போர்ட்டில இருக்கு.' பிறகு பல்லைக் காட்டலாம்.